'டைக்கூன்' யாருடைய பட்டம்? – கேள்வி பதில்

கேள்வி: பெரும் பணக்காரத் தொழிலதிபர்களை 'டைக்கூன்' என்று எழுதுகிறார்களே, இது ஆங்கிலச் சொல்தானே ஐயா?

பதில்: நம்மிடம் வந்தது ஆங்கிலம் வழியாக. பிறந்தது ஜப்பானில், 'தாய்குன்' என்று. 'தாய்' என்றால் பெரிய, 'குன்' என்றால் தலைவன், கோமான். வணிகத்துக்கும் இதற்கும் அன்று எந்தச் சம்பந்தமும் கிடையாது.

கேள்வி: அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன்களில் பையன்கள் பெயருக்குப் பின்னால் 'குன்' போட்டுக் கூப்பிடுகிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

பதில்: ஒன்றேதான் அம்மா, எழுத்தும் அதேதான்.

கேள்வி: அப்படியானால் ஜப்பான் சக்கரவர்த்திக்கு உரிய பட்டமா இது?

பதில்: இல்லை, ஷோகனுக்கு, அதாவது நாட்டை ஆண்ட படைத்தலைவருக்கு. பலரும் குழம்புகிற இடம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1603 முதல் தொகுகாவா குடும்பத்து ஷோகன்கள் எடோவிலிருந்து, அதாவது இன்றைய டோக்கியோவிலிருந்து, ஆண்டார்கள். சக்கரவர்த்தி கியோட்டோவில் இருந்தார். பெருமை அவருக்கு, படையும் அதிகாரமும் இவர்களுக்கு. வெளிநாட்டு மன்னருக்குக் கடிதம் போகும்போது ஷோகனை என்னவென்று குறிப்பது? சக்கரவர்த்தி என்று போட முடியாது. 'அரசர்' என்றால் சீனப் பேரரசருக்கு அடங்கியவர் என்று அர்த்தமாகிவிடும்.

கொரியாவோடு கடிதப் போக்குவரத்தை நடத்தியவர்கள் சுஷிமா தீவின் ஆட்சியாளர்கள். கொரிய வணிகம்தான் அவர்களுக்குப் பிழைப்பு. அது கெட்டுவிடக் கூடாதென்று ஷோகனின் கடிதத்தில் 'அரசர்' என்ற சொல்லைத் தாங்களே நுழைத்து அனுப்பினார்கள்! குட்டு உடைந்து, 1635இல் ஷோகன் இயெமிட்சுவே விசாரித்துத் தீர்ப்புச் சொன்னார். அதற்குப் பிறகுதான், 1636இல் வந்த கொரியத் தூதுக்குழுவின் காலத்திலிருந்து, 'தாய்குன்' வழக்குக்கு வந்தது. அதிலும் ஒரு சிக்கல். கொரியாவில் அதே எழுத்துகள் இளவரசரைக் குறிக்கும். ஷோகனுக்கு இது இழுக்கு என்று அவருடைய ஆலோசகரான அறிஞர் அராய் ஹகுசெகி 1711இல் 'அரசர்' என்று மாற்றவைத்தார். 1719இல் மறுபடியும் தாய்குன்தான்.

கேள்வி: அமெரிக்காவுக்கு எப்படிப் போனது?

பதில்: 1853இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெரி போர்க்கப்பல்களோடு வந்து ஜப்பானின் கதவைத் திறக்கவைத்தார். 1858 வணிக ஒப்பந்தத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவருக்கு எதிர்த்தரப்பாக நிற்பவர் தாய்குன். 1860இல் ஜப்பானியத் தூதுக்குழு வாஷிங்டன் போனபோது இந்தச் சொல் அங்கே பேச்சில் ஒட்டிக்கொண்டது. ஆபிரகாம் லிங்கனை அவருடைய இளம் செயலாளர் ஜான் ஹே தன் எழுத்துகளில் 'டைக்கூன்' என்றே குறிப்பிடுகிறார். தொழிலதிபர் என்ற பொருள் 1920களில்தான் பரவியது, 'டைம்' இதழுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. ஷோகன் ஆட்சி முடிந்து அப்போது அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது.

கேள்வி: 'ஸைபாட்சு' என்பதும் இதுதானா?

பதில்: அது ஆள் அல்ல, குடும்பத்தின் கையிலிருந்த தொழில் குழுமம். மிட்சுயி, மிட்சுபிஷி, சுமிட்டோமோ, யசுதா ஆகிய நான்கும் பெரியவை. அதே இரண்டு எழுத்துகளைக் கொரியர்கள் 'ஜேபோல்' என்று படிக்கிறார்கள்.

கேள்வி: தமிழில் எழுதும்போது எந்தச் சொல்லைப் போடலாம்?

பதில்: 'பெருமுதலாளி' போதும். 'தொழிலதிபர்' எனக்குத் திருப்தி இல்லை, பத்துப் பேர் வேலை செய்கிற பட்டறைக்காரரையும் செய்திகளில் அப்படித்தான் போடுகிறார்கள். டைக்கூன் என்றே எழுதுவதானால், ஒரு துறையே யார் சொல்லுக்கு ஆடுகிறதோ அவருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் பணக்காரருக்கு வேண்டாம்.