வலி நின்றுவிட்டது, இன்னும் வேர் சிகிச்சை தேவையா?

கேள்வி: எனக்கு 42 வயது. கீழ்த்தாடையில் இடதுபக்கக் கடைவாய்ப்பல்லில் சொத்தை. பத்து நாள் ராத்திரி தூங்கவிடாமல் வலித்தது. மாத்திரை சாப்பிட்டேன். இப்போது நான்கு நாட்களாக வலியே இல்லை. ஆனாலும் ரூட் கெனால் செய்தே ஆக வேண்டும் என்கிறார் பல் மருத்துவர். என் அக்காவோ, செய்துகொண்ட பிறகுதான் தனக்கு வலி கூடியது என்கிறார். ஊசி என்றாலே எனக்குப் பயம். சிகிச்சையின்போதும் பிறகும் என்ன நடக்கும்?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது, வலி நின்றுவிட்டது என்ற வரிதான். நேரில் பார்க்காமல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ராத்திரி தூக்கத்தைக் கெடுத்த வலி சில நாட்களில் சட்டென்று அடங்கினால், பெரும்பாலும் பல்லுக்குள் இருக்கும் கூழ் செத்துவிட்டது என்றுதான் அர்த்தம். நரம்பும் ரத்தக் குழாய்களும் சேர்ந்த மெல்லிய சதை அது. சொத்தை அதுவரை போய்விட்டால் கூழ் வீங்கும். சுற்றிலும் கல் மாதிரிச் சுவர், வீங்க இடமில்லை; அதனால்தான் அந்தத் தாங்க முடியாத வலி. கூழ் செத்ததும் வலியைச் சொல்ல நரம்பு இல்லை, ஆனால் கிருமிகள் உள்ளேயே இருக்கின்றன. அவை வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டும். செத்த கூழுக்கு ரத்த ஓட்டம் கிடையாது. ஆன்டிபயாடிக் மாத்திரை எத்தனை சாப்பிட்டாலும் மருந்து அங்கே போய்ச் சேராது. உள்ளே கையால் சுத்தம் செய்வது ஒன்றுதான் வழி. அது வேண்டாம் என்றால் பல்லை எடுத்துவிட வேண்டும்.

சரி, சிகிச்சைக்கு வருவோம். எக்ஸ்-ரே பார்த்துவிட்டு முதலில் மரத்துப்போக ஊசி போடுவார்கள். ஈறில் பூசும் மருந்தும், ஊசியை மெதுவாகச் செலுத்துவதும் அந்தக் குத்தலைக் குறைக்கும். கீழ்ப் பல் என்பதால் உதட்டில் பாதி, சில சமயம் நாக்கிலும் பாதி தடித்துப்போனது போல இருக்கும். கூழ் இன்னும் உயிரோடு வீங்கியிருந்தால் கீழ்க் கடைவாய்ப்பல் லேசில் மரத்துப்போகாது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. அப்போது பல்லை ஒட்டியே இன்னொரு ஊசி தேவைப்படலாம். கூச்சம் தெரிந்தால் கையைத் தூக்குங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டியதே இல்லை. என்னிடம் வருபவர்களிடம் ஆரம்பிக்கும் முன்பே இதைச் சொல்லிவிடுவேன். நிறுத்தச் சொல்லும் உரிமை தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தாலே பாதி பயம் போய்விடும்.

அப்புறம் அந்த ஒரு பல் மட்டும் வெளியே தெரியும்படி வாயின் மேல் மெல்லிய ரப்பர் விரிப்பு ஒன்றை மாட்டுவார்கள். 1864 முதல் பல் மருத்துவத்தில் இருக்கும் பழைய உத்தி இது. எச்சிலில் உள்ள கிருமி பல்லுக்குள் போகாது, சின்னக் கருவி தொண்டைக்குள் விழாது. மூச்சு முட்டுமோ என்று பயப்படாதீர்கள், மூக்கால் நிம்மதியாக மூச்சுவிடலாம். பல்லின் மேலே ஒரு துவாரம் போட்டு, தலைமுடி போல மெல்லிய கம்பிகளால் வேர்க்குழாயைச் சுரண்டிச் சுத்தம் செய்வார்கள். ஒவ்வொரு கம்பியிலும் குட்டி ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். வேர் எவ்வளவு நீளமோ அந்த அளவில் அதை நிறுத்தி வைப்போம், நுனியைத் தாண்டிப் போய்விடக் கூடாது என்பதற்காக. பக்கத்தில் ஒரு கருவி பீப், பீப் என்று சத்தம் போடும். கம்பி நுனியை நெருங்குகிறது என்று சொல்லும் சத்தம் அது. கிருமியைக் கொல்லும் திரவத்தால் கழுவும்போது பிளீச்சிங் வாடை வரும். இதெல்லாம் சாதாரணம். கீழ்க் கடைவாய்ப்பல்லில் பெரும்பாலும் மூன்று குழாய்கள், சிலருக்கு நான்கு. அதனால் முன்பல்லைவிட நேரம் ஆகும். ஒரே நாளில் முடியலாம்; சீழ் இருந்தால் உள்ளே மருந்து வைத்து, தற்காலிக அடைப்புப் போட்டு, மறுபடி வரச் சொல்வார்கள். கடைசியில் குழாய்களை ரப்பர் போன்ற பொருளால் நிரப்பி மூடுவார்கள்.

உங்கள் அக்கா சொன்னது பொய்யில்லை. நரம்பை எடுத்த பிறகு ஏன் வலிக்கிறது என்று கேட்காதவர்களே இல்லை. பல்லுக்கு உள்ளே இருந்த நரம்புதான் போயிற்று. வேரை எலும்போடு பிடித்து வைத்திருக்கும் நார்களில் நரம்பு அப்படியே இருக்கிறது. ஏற்கெனவே புண்ணாகியிருந்த அந்த இடம், உள்ளே வேலை நடந்ததும் இன்னும் கொஞ்சம் கனன்றுபோகும். அதனால் இரண்டு மூன்று நாட்களுக்குக் கடித்தால் வலிக்கும், மந்தமான குடைச்சல் இருக்கும். சிலருக்கு ஒரு வாரம்கூட ஆகலாம். நாளுக்கு நாள் குறைகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். மருத்துவர் சொன்ன வலி மாத்திரையை, மரப்பு முழுதும் இறங்கும் முன்பே போட்டுக்கொண்டால் நல்லது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ரத்தத்தை மெலிதாக்கும் மருந்து சாப்பிடுபவர்களும் ஐபுரூஃபனைத் தாங்களாக வாங்கிப் போட வேண்டாம்.

மரப்பு இறங்கச் சில மணி நேரம் ஆகும். அதுவரை மெல்லும்படியாக எதுவும் சாப்பிடாதீர்கள், கொதிக்கக் கொதிக்கக் குடிக்காதீர்கள். உதட்டையும் நாக்கையும் கடித்துக்கொண்டது தெரியாமலே போய்விடும். நிரந்தர அடைப்பு வரும்வரை மறுபக்கமாக மெல்லுங்கள். பல் துலக்குவதை மட்டும் நிறுத்தக் கூடாது. தற்காலிக அடைப்பின் மேற்பரப்பு லேசாகத் தேய்ந்தால் பரவாயில்லை. மொத்தமாக விழுந்துவிட்டால், வலி இல்லாவிட்டாலும், உடனே போய் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். உயரமாகத் தட்டுவது போலவும், அந்தப் பல்லே முதலில் கடிபடுவது போலவும் இருந்தால் போய்ச் சொல்லுங்கள். கொஞ்சம் தேய்த்துச் சரிசெய்தால் வலி சீக்கிரம் அடங்கும்.

வலி குறைவதற்குப் பதில் கூடிக்கொண்டே போனாலோ, கன்னம் வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். வீக்கம் கண்ணையோ கழுத்தையோ நோக்கிப் பரவினால், விழுங்கவோ மூச்சுவிடவோ வாயைத் திறக்கவோ கஷ்டமாக இருந்தால், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். விடியட்டும் என்று காத்திருக்கவே கூடாது.

இன்னொன்றைக் கையைப் பிடித்துச் சொல்லத் தோன்றுகிறது: கேப், அதாவது பல்லின் மேல் மாட்டும் உறை, போடுவதைத் தள்ளிப்போடாதீர்கள். வலி போனதும் பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். சொத்தையும் துவாரமுமாகப் பல் ஏற்கெனவே பாதி வெறும் கூடு. மெல்லும் பாரம் முழுக்கக் கடைவாய்ப்பல்லில்தான் விழுகிறது. நன்றாகச் செய்த வேர் சிகிச்சைக்குப் பிறகும், கேப் இல்லாமல் விட்ட பல் வேர் வரை நெடுக்காகப் பிளந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன். பிளந்த பிறகு எடுப்பதைத் தவிர எதுவும் செய்ய முடியாது. சில வாரங்களுக்குள் போட்டுவிடுங்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து எக்ஸ்-ரே எடுத்து வேர் நுனியில் எலும்பு வளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள், அதற்கும் போய்விடுங்கள்.

இந்த வாரமே நேரம் வாங்குங்கள். போகும்போது நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டை எடுத்துச் செல்லுங்கள். சர்க்கரை நோய், இதய வால்வுப் பிரச்சினை, மருந்து ஒவ்வாமை எது இருந்தாலும் ஊசி போடும் முன் சொல்லிவிடுங்கள். ஊசிப் பயத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.