செவிலியர்களிடம் இஸ்லாமியப் பணி நெறியைக் கேள்வித்தாள் வைத்து அளக்க முடியுமா?

பெங்களூரில் எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வுக்காகக் கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் இருக்கிற அளவுகோலை அப்படியே வார்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். இதே ஊரில் நைட் ட்யூட்டி பார்த்தவள், இப்போது நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுப்பவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

பெரும்பாலான ஆய்வுகள் எடுத்துக்கொள்வது மேலாண்மை ஆய்வாளர் அப்பாஸ் அலி 1988-இல் வெளியிட்ட அளவுகோலை. முதலில் 46 கூற்றுகள், பிறகு 17 ஆகச் சுருங்கியது. அதில் எனக்கு மிகப் பிடித்த கூற்று, வேலையின் மதிப்பு விளைவில் இல்லை, நிய்யத்தில், அதாவது எண்ணத்தில் இருக்கிறது என்பது. நபிமொழித் தொகுப்பான புகாரியின் முதல் ஹதீஸே அதுதானே! எல்லாம் செய்தும் ஐ.சி.யூ.வில் ஓர் உயிர் போன இரவில் அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது நமக்குத் தெரியும்.

இன்னொரு கூற்றுதான் சிக்கல். 'ஓய்வு நேரம் கூடுவது சமூகத்துக்கு நல்லது' என்பதை ஒப்புக்கொண்டால் மதிப்பெண் குறையும். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து சிவாஜிநகர் பஸ்ஸுக்கு நிற்கிற பெண் வேறென்ன சொல்வாள்? பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்த நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு அம்ரிடம், உன் உடலுக்கும் கண்ணுக்கும் உன்மேல் உரிமை உண்டு என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். மார்க்கமே கொடுத்த உரிமையைக் கேட்பவளுக்கு மதிப்பெண் குறைப்பது அநியாயம். அந்தக் கூற்றைத் தனியாக அலசுங்கள். அது இருக்கும்போதும் இல்லாதபோதும் க்ரோன்பாக் ஆல்ஃபா (கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) எவ்வளவு என்று பாருங்கள்.

அளவுகோலில் வருவதுபோல் சோம்பல் தீய குணமா என்று கேட்டால் இல்லை என்று யார் சொல்வார்கள்? அதனால் வார்டுச் சூழலை வைத்துக் கேளுங்கள். விடிகாலை நாலு மணிக்கு பி.பி. பார்க்காமலே சார்ட்டில் எழுதுவதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்? தவறான டோஸ் கொடுத்தது தனக்கு மட்டும் தெரிந்தால் யாரிடம் சொல்வார்கள்? அளவில் மோசடி செய்வோரைக் கண்டிக்கும் குர்ஆனின் முதஃப்பிஃபீன் சூரா (அத்தியாயம்) வியாபாரிக்கு மட்டுமா? பார்க்காத பி.பி.யை எழுதுவதும் எடை குறைப்பதுதான். கை கழுவுவதை நேரில் நின்று கண்காணித்தால் எல்லோரும் ஒழுங்காகக் கழுவுவார்கள், அதை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

தாள்களை சூப்பர்வைசர் வாங்கக் கூடாது. பெயர் வேண்டாம், பூட்டிய பெட்டி போதும். 17 கூற்றுகள் கொண்ட சுருக்க வடிவில் அல்லாஹ்வின் பெயரோ தொழுகையோ வருவதில்லை. ஆகவே உடன் வேலை பார்க்கும் கேரளத்துக் கிறிஸ்தவச் செவிலியரையும் நிரப்பச் சொல்லுங்கள், ஒப்பிட உதவும்.

ஒரு ஷிப்டில் ஒருவருக்கு எத்தனை நோயாளிகள் என்ற கட்டத்தை முதல் பக்கத்திலேயே வையுங்கள். அது இல்லாவிட்டால், ஆள் பற்றாக்குறையால் குறைந்த மதிப்பெண்ணுக்கும் அவர்கள் ஈமான்மீதே, இறைநம்பிக்கைமீதே, பழி விழும்.