இன்டர்ஃபெரான் ஊசி புற்றுநோய்க்குப் போடுவதா?

கேள்வி: என் கணவருக்கு 33 வயது. பாலக்கோட்டில் தக்காளி வியாபாரம். ரத்த தானம் கொடுக்கப் போனபோது ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் தொற்று இருப்பது தெரிந்தது. தினமும் மாத்திரை சாப்பிடலாம், இல்லாவிட்டால் வாரம் ஒன்றாக 48 வாரம் இன்டர்ஃபெரான் ஊசி போடலாம் என்கிறார் மருத்துவர். அது புற்றுநோய் ஊசி என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். போடலாமா?

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. இன்டர்ஃபெரான் நம் உடம்பே சுரக்கும் புரதம். உங்கள் பக்கம் ராகிக் காட்டில் யானை இறங்கினால், முதலில் பார்த்தவர் தகரத்தைத் தட்டுவார். அவர் காடு போனாலும் போகும், ஆனால் பக்கத்துக் காட்டுக்காரர்கள் எல்லாம் விழித்துக்கொள்வார்கள். வைரஸ் புகுந்த செல் தட்டுகிற தகரம்தான் இது. 1957-ல் ஐசக்ஸ், லிண்டன்மன் என்ற இருவர் லண்டனில் கண்டுபிடித்தார்கள்.

சொந்தக்காரர்கள் சொல்வதும் பொய்யில்லை. சிலவகை ரத்தப் புற்றுநோய்க்கு இதன் ஆல்ஃபா வகையைக் கொடுத்ததுண்டு. பீட்டா வகை, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய்க்கு. ஹெபடைடிஸ் சி என்ற இன்னொரு கல்லீரல் தொற்றுக்கும் பல வருடம் இந்த ஊசிதான். இப்போது அது பெரும்பாலும் 12 வார மாத்திரையிலேயே குணமாகிவிடுகிறது.

ஹெபடைடிஸ் பி-க்கு மாத்திரை எளிது, தொந்தரவும் குறைவு. ஆனால் வருடக்கணக்கில் சாப்பிட வேண்டும், நாமாக நிறுத்தக் கூடாது. ஊசிக்கு முடிவு உண்டு. ஆனால் சுமார் மூன்றில் ஒருவருக்குத்தான் நன்றாகக் கேட்கும். கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்தவர்களுக்குப் போடவே கூடாது. இளவயது, கல்லீரல் இன்னும் திடமாக இருக்கிறது என்றால் நான் ஊசியை முயன்று பார்க்கச் சொல்வேன்.

போட்ட சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் உடம்பு வலியும் வரும். ஃப்ளூ காய்ச்சலில் நம்மை முறித்துப்போடுவதில் இதே புரதத்துக்கும் பங்குண்டு. அதனால் இரவில் போட்டு, மருத்துவர் சொல்லும் அளவில் பாராசிட்டமால் கொடுத்துப் படுக்க வையுங்கள். மறுநாள் விடியற்காலை மண்டி வேலை வேண்டாம். போகப்போகக் காய்ச்சல் குறையும். ஊசியை ஃபிரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள். ஐஸ் கட்டும் இடத்தில் வைத்தால் வீணாகிவிடும். ரத்த அணுக்கள், தைராய்டு பரிசோதனைகளைத் தவறவிடக் கூடாது.

நான் அதிகம் கவலைப்படுவது மனதைப் பற்றித்தான். சிலருக்கு இந்த ஊசி கடுமையான மனச்சோர்வைத் தரும். தூக்கமில்லை, சிடுசிடுப்பு, "மண்டிக்குப் போய் என்ன ஆகப்போகிறது" என்ற பேச்சு, இதெல்லாம் அவருக்குத் தெரியாது, பக்கத்தில் இருக்கிற உங்களுக்குத்தான் தெரியும். அடுத்த ஊசி வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். முன்பே மனச்சோர்வு வந்தவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், மாத்திரைதான்.

அப்புறம், நீங்களும் பிள்ளைகளும் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டீர்களா? தொற்றும் எதிர்ப்புச் சக்தியும் இல்லையென்றால் இந்த வாரமே முதல் தடுப்பூசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. ஒரே தட்டில் சாப்பிட்டால் தொற்றாது. ஷேவிங் பிளேடு, பல் துலக்கும் பிரஷ் மட்டும் அவருக்குத் தனியாக இருக்கட்டும்.