கப்பல் நிறுவனமே பயணத்தை ரத்து செய்தால் பணம் முழுதாகத் திரும்பக் கிடைக்குமா?

உங்களுக்கும் அந்த மின்னஞ்சல் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். வராதவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. சுருக்கமாகச் சொன்னால், கட்டணம் கிடைக்கும், ஆனால் பணமாக வேண்டும் என்று நீங்கள் வாய்விட்டுக் கேட்க வேண்டும். சும்மா இருந்தால் பல நேரம் வவுச்சர்தான் வரும், அதாவது அதே நிறுவனத்தின் இன்னொரு பயணத்துக்கு மட்டும் செல்லும் சீட்டு.

அக்கா பணி ஓய்வு பெற்றதற்காக அவர், அத்தான், நான், என் மனைவி நால்வருமாக ஏழு இரவுப் பயணம் ஒன்றைப் பதிவு செய்திருந்தோம். அடுத்தடுத்து இரண்டு கேபின்கள், பால்கனியோடு. பதினோரு மாதத்துக்கு முன்பே போட்டது. கப்பலின் வரைபடத்தைப் பார்த்து எங்கள் கேபினுக்கு நேர் மேலே சாப்பாட்டுக்கூடம் வரக்கூடாது என்று அக்காதான் தேடிப் பிடித்தார். காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்குமாம்.

கிளம்ப ஐந்து வாரம் இருக்கும்போது, ‘உங்கள் பயணம் பற்றிய ஒரு தகவல்’ என்ற தலைப்பில் மின்னஞ்சல் வந்தது. பராமரிப்புக்காக உலர்துறையில் (தண்ணீரை வெளியேற்றிக் கப்பலைப் பழுதுபார்க்கும் இடம்) ஏற்றிய கப்பலில் வேலை முடியவில்லை, அதனால் பயணம் ரத்து. வருந்துகிறோம் என்பது ஒரு வரி. வேறு தேதிக்கு மாறலாம் என்பது ஒரு பெரிய பொத்தான். கட்டியதற்கு மேல் 25 சதவீதம் கூட்டி வவுச்சர் என்பது இன்னொரு பெரிய பொத்தான். பணத்தைத் திரும்பப் பெறுவது மட்டும் கீழே சின்ன எழுத்தில் ஒரு இணைப்பு. பத்து நாளில் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் தானாகவே வவுச்சர் ஆகிவிடும்.

நான் வவுச்சரை அழுத்தினேன். 25 சதவீதம் லாபம் என்று நினைத்தேன், அவ்வளவுதான். ‘நிபந்தனைகளைப் படிக்கவில்லையா?’ என்று கேட்கக் கிளம்புபவர்களுக்கு: படித்தேன், அழுத்திய பிறகு. அந்த 25 சதவீதம் அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டும்தான், வரிகளுக்கு இல்லை. ஒரு வருடத்துக்குள் புதிய பயணத்தைப் பதிவு செய்துவிட வேண்டும். அதே பாதைக்கு மறு சீசனில் விலை பார்த்தால், அவர்கள் கூட்டிக் கொடுத்ததைவிட அதிகமாக ஏறியிருந்தது. விமான டிக்கெட்டை நாங்களே தனியாக வாங்கியிருந்தோம், அதற்கு ஒரு உச்சவரம்பு வைத்து ஏதோ கொஞ்சம் தந்தார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் முதல் நாள் தங்கப் போட்ட ஹோட்டல் அறைக்கு ஒன்றுமில்லை.

இதில் அலுவலகக் கதை வேறு. பயணம் இல்லையே, விடுப்பை ரத்து செய்துவிடலாம் என்று மேலாளரிடம் போனேன். அவர், ‘ஒப்புதல் கொடுத்தாயிற்று, ஆள் மாற்றியும் போட்டாயிற்று, எடுத்தே ஆக வேண்டும்’ என்றார். எட்டு நாள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். விடுப்பு கேட்கும்போது மூன்று வாரம் இழுத்தடித்த மனிதர் அவர். கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான், ஆனால் நினைத்தால் இன்னும் எரிகிறது.

பாதுகாப்பில்லாத கப்பலை ஓட்டியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ரத்து செய்ததிலும் எனக்குக் கோபமில்லை. இதே ஐந்து வாரத்தில் ‘எங்களால் வர முடியவில்லை’ என்று நாங்கள் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் என் கேள்வி. பொதுவாக மீதிப் பணம் கட்டும் கெடு வரை, போனால் முன்பணம் மட்டும்தான் போகும், சில இடங்களில் அதுவும் திரும்பி வரும். அதற்குப் பிறகு நாள் நெருங்க நெருங்க அபராதம் பாதி, முக்கால் என்று ஏறி, கடைசியில் முழுத்தொகையாகிவிடும். (அப்போதும் துறைமுக வரியும் அரசுக் கட்டணங்களும் பெரும்பாலும் திரும்ப வரும். பலர் கேட்பதே இல்லை, கேளுங்கள்.) அவர்கள் ரத்து செய்தால் எங்களுக்கு அபராதமா தருகிறார்கள்?

2020 மார்ச்சில் கொரோனாவால் கப்பல்கள் நின்றபோதும் இதுதான் நடந்தது. பல நிறுவனங்கள் 125 சதவீத வவுச்சரை நீட்டின, பணமாகக் கேட்டவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். 2023இல் ‘லைஃப் அட் சீ’ என்று மூன்று வருட உலகப் பயணம் ஒன்றை விற்றார்கள். நவம்பர் 1 இஸ்தான்புல்லில் கிளம்ப வேண்டியது, தேதி தள்ளித் தள்ளி அந்த மாதமே ரத்தானது, வாங்க நினைத்த கப்பலை வேறொரு நிறுவனம் வாங்கிவிட்டது. வீட்டை விற்றுவிட்டுப் பெட்டியோடு வந்தவர்களும் இருந்தார்கள். அதைப் படித்த பிறகு என் ஹோட்டல் அறையைப் பற்றிப் புலம்ப வெட்கமாகத்தான் இருக்கிறது.

சரி, உங்கள் விஷயம். வவுச்சரை இன்னும் ஏற்கவில்லை என்றால் ஏற்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்திலோ பிரிட்டனிலோ பேக்கேஜாக (பயணம், தங்குமிடம் எல்லாம் சேர்த்து ஒன்றாக) வாங்கியிருந்தால், ரத்தான 14 நாளுக்குள் பணமாகவே தர வேண்டும் என்பது சட்டம். அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து கிளம்பும் கப்பல் என்றால், ரத்தானாலும் சரி, மூன்று நாளோ அதற்கு மேலோ தாமதமாகி நீங்கள் போக விரும்பாவிட்டாலும் சரி, முழுப்பணம் கேட்கலாம், 2022இல் வந்த விதி. எழுத்தில் கேளுங்கள், தொலைபேசியில் பேசியதையும் உடனே மின்னஞ்சலாகப் போட்டுவிடுங்கள். ஏஜெண்ட் மூலம் வாங்கியிருந்தால் பல நேரம் பணம் அவர் வழியாகத்தான் வரும், அவர் ‘கம்பெனி தரவில்லை’ என்பார், கம்பெனி ‘அவரிடம் அனுப்பிவிட்டோம்’ என்னும். அப்படி இழுத்தால் கிரெடிட் கார்டு வங்கியில் சார்ஜ்பேக் போடுங்கள், அதாவது கார்டில் கட்டிய பணத்தைத் திருப்பி எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதற்கும் கெடு உண்டு, தள்ளிப் போடாதீர்கள்.

வவுச்சரை வைத்து நாங்கள் கடைசியில் நான்கு இரவுப் பயணம் ஒன்று போய் வந்தோம், பால்கனி இல்லாத கேபினில். கொஞ்சம் மீதி இருக்கிறது, அடுத்த மாதம் காலாவதி. அக்கா மகளுக்காவது மாற்றித் தர முடியுமா என்று கேட்டேன். பெயர் மாற்ற முடியாதாம்.