ஜப்பானில் 'ஃப்ரீ' மல்யுத்த வீரர் என்றால் யார்?

போட்டிகளை நடத்தும் எந்தத் தொழில்முறை மல்யுத்த நிறுவனத்தோடும் நிரந்தர ஒப்பந்தம் இல்லாமல், அழைக்கிற இடத்துக்குப் போய் மோதுபவர்தான் 'ஃப்ரீ'. ஓட்டலில் மாதச் சம்பளத்துக்கு இருக்கும் சமையல்காரருக்கும், கல்யாணம் கல்யாணமாகப் போகும் சமையல்காரருக்கும் உள்ள வித்தியாசம்தான்.

ஜப்பானில் இது எடுபடக் காரணம், அங்கே ஒரே பெரிய கம்பெனி இல்லை. நியூ ஜப்பான், ஆல் ஜப்பான், நோவா என்று பல உண்டு. வெளியாள் உள்ளே வந்து சவால் விட்டால் ரசிகர்களுக்குக் கொண்டாட்டம், டிக்கெட்டும் விற்கும்.

ஃப்ரீ வீரர் யோஷிஹிரோ தகயாமாவைப் பாருங்கள். 2002இல் நோவாவின் உச்சப் பட்டம், 2003இல் நியூ ஜப்பானுடையது, 2009இல் ஆல் ஜப்பானுடையது. மூன்றையும் வென்றவர்கள் வெகு சிலரே. ஆனால் 2017இல் ஒரு போட்டியில் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. அவருக்காக நிதி திரட்ட முன்னால் நின்றவர்களில் ஒருவர் மினோரு சுசுகி, அவரும் ஃப்ரீதான். (சுசுகிக்குத் தோக்கியோவின் ஹராஜுகுவில் சொந்தக் கடையே இருக்கிறது. பார்த்தாலே பயம் தரும் மனிதர், டி-ஷர்ட் விற்கிறார்!)

அப்புறம், யாரும் சேர்த்துக்கொள்ளாததால்தான் ஃப்ரீ ஆகிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள்; அது சரியில்லை, தகயாமாவின் மூன்று பட்டங்களும் அவர் ஃப்ரீயாக இருந்தபோது வென்றவை.