170 செ.மீ. உயரமே உள்ள ஜெர்மன் கால்பந்து வீரர் பிலிப் லாம் எப்படி உலகத்தரத் தற்காப்பு ஆட்டக்காரரானார்?

உயரம் தடையாவது கோலுக்கு முன்னே நடுவில் நின்று காக்கும் நடுத் தற்காப்பில்தான். லாம் ஆடியது ஓரத் தற்காப்பில். அங்கே வேகமும் முன்கூட்டிக் கணிக்கும் மூளையும் போதும். அந்தக் கணிப்பில் அவருக்கு நிகரானவர் அவர் காலத்தில் குறைவு என்பது என் கருத்து. தொழில்முறை வாழ்க்கை முழுவதிலும் அவர் ஒரு சிவப்பு அட்டைகூட வாங்கியதில்லை. பந்து வரும் இடத்தில் முன்பே நிற்பவருக்குக் காலை வாரிவிட வேண்டிய அவசியம் வராது.

மியூனிக்கில் பிறந்து அந்த ஊரின் பயெர்ன் கழகத்தில் வளர்ந்தவர். ஆனாலும் 2003இல் அங்கே இடம் கிடைக்காமல், இரண்டு பருவங்கள் ஸ்டுட்கார்ட் அணிக்கு இரவலாகச் சென்றார். வலதுகாலரான அவர் இடது ஓரத்துக்குப் பழகியது அங்கேதான். பலன்? 2006 உலகக் கோப்பையின் முதல் கோல். கோஸ்டா ரிக்காவுக்கு எதிராக, இடப்பக்கத்திலிருந்து உள்ளே வெட்டி வந்து வலது காலால் அடித்தார்; அதுவும் சொந்த ஊர் மைதானத்தில்!

பின்னர் பயெர்ன் பயிற்சியாளர் குவார்டியோலா அவரை நடுக்களத்துக்கே மாற்றினார். 2014 உலகக் கோப்பையிலும் அணித்தலைவர் லாம் நடுக்களத்தில்தான் தொடங்கினார். பிரான்சுடனான காலிறுதியில் வலது ஓரத் தற்காப்புக்குத் திரும்பினார். ஜெர்மனி கோப்பையை வென்றது. அடுத்த சில நாட்களில், 30 வயதிலேயே, 113 ஆட்டங்களுடன் தேசிய அணியிலிருந்து விலகினார். பயெர்னுக்காக மட்டும் 2017 வரை ஆடினார்.