லூப்பைத் தூக்கினேன், மழையையும் காணோம்!

கேள்வி: அலஸ்தோட்டத்தில் எங்கள் வீட்டுக் கூரையில் மழைமானி இருக்கிறது. நிமிடத்துக்கு ஒரு அளவாக 5 வருடத் தரவு, அதாவது ஏறக்குறைய 26 லட்சம் எண்கள். கருவி நின்ற நிமிடங்களுக்கு -1. பைத்தான் நிரல்மொழியில் ஃபோர் லூப் (எண்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சுற்றிவரும் கட்டளை) போட்டு மாதவாரியாகக் கூட்டினால் இழுக்கிறது. பைத்தானின் எண்கணக்குத் தொகுப்பான நம்பையில் (NumPy), லூப் இல்லாமல் மொத்தம்[மாதம்] += மழை என்று எழுதினேன் (மாதம் என்பது ஒவ்வொரு அளவுக்கும் உரிய மாத எண், 1 முதல் 12 வரை), கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது, ஆனால் டிசம்பருக்கு 0.2 மில்லிமீட்டர்தான் காட்டுகிறது! (வாசகர், திருகோணமலை)

பதில்: வாடைக்காற்று மழை கொட்டுகிற டிசம்பருக்கு 0.2 என்றால் சிரிப்புத்தான் வருகிறது தம்பி. இதில் எல்லோரும் ஒருமுறையாவது வழுக்கி விழுந்திருப்போம், நானும்தான். டிசம்பருக்கான 12 என்ற சுட்டெண் ஆயிரக்கணக்கான தடவை வந்தாலும் உங்கள் += வரி ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போவதில்லை. பழைய மதிப்பை எடுத்து, ஒவ்வொரு மழை அளவையும் தனித்தனியே அதோடு கூட்டி, எல்லாவற்றையும் அதே பெட்டியில் எழுதுகிறது, கடைசியாக எழுதியது மட்டும் மிஞ்சுகிறது. உங்கள் 0.2 அந்தக் கடைசி நிமிடத்து மழை.

ஒரே சுட்டெண்ணுக்கு வருவதையெல்லாம் சேர்த்துக் கூட்டும் பின்கவுன்ட் (bincount) கட்டளையைப் பயன்படுத்துங்கள். முதலில் அந்த -1களை விலக்க, சரி = மழை >= 0. அப்புறம் நம்பையின் பின்கவுன்ட்டுக்கு மாதம்[சரி], வெயிட்ஸ் (weights, கூட்ட வேண்டிய அளவுகள்) என்ற இடத்தில் மழை[சரி], மின்லெங்த் (minlength, குறைந்தது எத்தனை பெட்டி) 13 என்று கொடுங்கள். விடையில் 0ஆவது பெட்டி காலியாக இருக்கும், பயப்பட வேண்டாம், ஜனவரிக்கு 1ஆவது பெட்டி. நம்பையில் ஆட்.அட் (add.at) என்றும் ஒரு கட்டளை உண்டு, அதுவும் சரியாகவே கூட்டும், பழைய பதிப்புகளில் கொஞ்சம் மந்தம்.

மழை[சரி] என்பது நகல். அதை வேறு பெயரில் வைத்துத் திருத்தினால் மூலத் தரவு மாறாது.